சுவர் சொரசொரப்பா, கோணலா? ஸ்மூத்திங் பெயிண்ட் தேர்வும் பூசும் முறையும்

ஒரு டப்பா வாங்கி ரோலரால் உருட்டிவிட்டால் போதும், சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று டப்பாவின் மேலே உள்ள படம் சொல்லும். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்மூத்திங் பெயிண்ட், அதாவது ரோலரால் கனமாக உருட்டித் தகட்டால் இழுத்து மட்டப்படுத்தும் பெயிண்ட், நல்ல பொருள்தான், ஆனால் அது தீர்ப்பது சொரசொரப்பை மட்டும்தான், கோணலை அது தீர்க்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால், டப்பா டப்பாவாகப் பூசிய பிறகும் விளக்கைப் போட்டதும் சுவரில் அலை அலையாக நிழல் விழும், பழி மட்டும் பெயிண்ட் மேல் போகும்.

அதனால் கடைக்குப் போகும் முன் சுவரை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

சுவரைப் பார்க்கும் விதம்

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரின் மேல் பக்கவாட்டில் வழிந்து போகும்படி காட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத ஒவ்வொரு பொட்டும், பழைய பிரஷ் கோடும், அரைகுறையாக அடைத்த ஆணி ஓட்டையும் நிழலோடு எழுந்து நிற்கும். பார்த்ததும் மிரள வேண்டாம், எந்தச் சுவரும் இந்த வெளிச்சத்தில் அழகாக இருக்காது. ஜன்னலை ஒட்டி நிற்கும் சுவர், மேலிருந்து சுவரோரமாக விளக்கு அடிக்கும் சுவர், இவைதான் அன்றாடம் இப்படிப் பக்கவாட்டு ஒளி வாங்குபவை. அங்கே கறாராக இருங்கள். அலமாரிக்குப் பின்னால் மறையப்போகும் சுவருக்கு இத்தனை பாடு படுவது வீண். தெரியும் குறைகளைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், பேனாவோ மார்க்கரோ வேண்டாம், அந்த மை மேலே எத்தனை கோட் (பூச்சு அடுக்கு) அடித்தாலும் கசிந்து வெளியே வந்து எட்டிப்பார்க்கும்.

அடுத்து, நேரான ஒரு மட்டக்கோல். அது இல்லையென்றால் ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்தில் வளையாத அலுமினியச் சட்டம் ஏதாவது. அதைச் சுவரில் படுக்கையாக, நிறுத்தி, குறுக்காக என்று மூன்று விதமாகவும் வைத்து, கோலுக்கும் சுவருக்கும் நடுவே எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். கையால் தடவினால் உறுத்துகிறது, ஆனால் கோல் பெரும்பாலும் ஒட்டி உட்காருகிறது என்றால் உங்கள் பிரச்சினை சொரசொரப்பு. ஸ்மூத்திங் பெயிண்ட் இதற்காகவே செய்யப்பட்டது. கோலுக்குப் பின்னால் 3, 4 மி.மீ. இடைவெளி நீளமாக ஓடுகிறது, அல்லது கோல் நடுவில் முட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஊஞ்சலாடுகிறது என்றால் அது கோணல். அதைப் பெயிண்ட்டால் சரிசெய்ய முடியாது, பட்டி (புட்டி) பார்க்க வேண்டும், அதையும் மீறிய ஆழமென்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூச்சு வேலையாகவே செய்ய வேண்டும். இரண்டும் கலந்திருக்கும் சுவர்தான் அதிகம். அங்கே பள்ளங்களை முதலில் தனித்தனியாகப் பட்டியால் நிரப்பிவிட்டு, கடைசியில் முழுச் சுவரையும் ஒரே தன்மைக்குக் கொண்டுவர ஸ்மூத்திங் பெயிண்ட் என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த வழியும் இதுதான்.

ஏன் 3 மி.மீ. முடியாது? ஒரு சின்னக் கணக்கு

ஒரு லிட்டர் திரவத்தை ஒரு சதுர மீட்டர் பரப்பில் சீராகப் பரப்பினால் அதன் கனம் சரியாக 1 மி.மீ. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்த டப்பாவையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். சாதாரண எமல்ஷன் (தண்ணீர் கலந்த சுவர் பெயிண்ட்) டப்பாவில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், ஈரத்தில் அதன் கனம் 0.1 மி.மீ. அதிலும் தண்ணீர் காய்ந்து போனபின் மிஞ்சுவது அதற்கும் குறைவு. ஒரு மணல் துகளின் மேல் இதைப் பூசினால் துகள் நிறம் மாறும், அவ்வளவுதான், எங்கேயும் போகாது.

ஸ்மூத்திங் பெயிண்ட் வேறு மாதிரி. அதில் கால்சியம் கார்பனேட் போன்ற நிரப்புத் தூள்கள் ஏராளமாக இருக்கும், சிலவற்றில் எடையைக் கூட்டாமல் பருமனை மட்டும் கூட்ட நுண்ணிய உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகளும் கலந்திருப்பார்கள், இவற்றைப் பிடித்து வைக்க அக்ரிலிக் பசை. அதனால் லிட்டருக்கு 2 சதுர மீட்டர்தான் வரும் என்று டப்பாவில் போட்டிருந்தால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கனமாக நிற்கிற பொருள் அப்படித்தான் இருக்க முடியும். ஈரத்தில் அரை மி.மீ. காய்ந்தபின் மிஞ்சுவது திடப்பொருளின் பங்கைப் பொறுத்தது. கன அளவில் 60 சதவீதம் திடம் என்று டப்பாவோடு வரும் தொழில்நுட்பத் தாளில் இருந்தால் 0.3 மி.மீ. நிற்கும். இரண்டு கோட் போட்டால் 0.6 மி.மீ., அதில் உப்புத்தாள் தேய்ப்பில் கொஞ்சம் போய்விடும். இப்போது அந்த 3 மி.மீ. பள்ளத்தை நினைத்துப் பாருங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் விளம்பரமும் பிடிபட்டுவிடும். "2 மி.மீ. வரை நிரப்பும், லிட்டருக்கு 8 சதுர மீட்டர்" என்று ஒரே டப்பாவில் இரண்டும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றாக நடக்காது. 2 மி.மீ. நிரப்பும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் இறங்கும். 2 மி.மீ. என்பது ஆங்காங்கே இருக்கும் கீறல், குழிகளுக்குச் சொல்லப்படும் அளவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது

சுவர் 4 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 10.8 சதுர மீட்டர். அதில் 2 மீட்டருக்கு 0.9 மீட்டர் கதவு ஒன்று இருந்தால் 1.8 கழியும், மீதி 9. லிட்டருக்கு 2 சதுர மீட்டர் என்றால் ஒரு கோட்டுக்கு 4.5 லிட்டர், இரண்டு கோட்டுக்கு 9. சாதாரண எமல்ஷன் இதே சுவருக்கு ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது. பழகிய அளவில் வாங்கிவந்துவிட்டு பாதிச் சுவரில் டப்பா காலியாகி நிற்பது இந்த வேலையில் ரொம்பச் சாதாரணமாக நடக்கும், அதுவும் நடுச்சுவரில் நிறுத்தினால் அந்த விளிம்பு காய்ந்து கோடாக நின்றுவிடும். கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள், திறக்காத டப்பாவைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் பார்க்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று விஷயம்தான். ஒன்று, ஒரு கோட்டில் எத்தனை மி.மீ. வரை போகலாம் என்ற அளவு. இரண்டு, பரப்பளவு. மூன்று, மேலே எமல்ஷன் கட்டாயமா, இல்லை அப்படியே விடலாமா என்பது. பெரும்பாலானவை மேல்பூச்சு கேட்பவை, ஏனென்றால் தூள் அதிகம், பசை குறைவு என்பதால் இதன் மேற்பரப்பு அழுக்கையும் ஈரத்தையும் உறிஞ்சும், துடைத்துச் சுத்தம் செய்யவும் வராது. நிறம் பெரும்பாலும் வெள்ளைதான், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். வெளிச்சுவருக்கு இது ஆகாது. தண்ணீர் நேரடியாகத் தெறிக்கும் குளியலறைச் சுவருக்கும் ஆகாது, டப்பாவில் தெளிவாக அனுமதி இருந்தால் ஒழிய.

"பட்டி பார்ப்பது மலிவாச்சே, எதற்கு இது?" என்று கேட்பவர்களுக்கு: உண்மைதான், ஒரு மி.மீ. கனத்துக்கு என்று கணக்குப் பார்த்தால் பட்டித்தூள் மலிவு. ஆனால் பட்டியைத் தகட்டால் சீராக இழுப்பதற்குக் கை பழக வேண்டும், தேய்க்கும்போது வீடு முழுக்கத் தூசி, குழைத்ததைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். கை பழகியவர் யாராவது வீட்டில் இருந்தால் நான் பட்டியைத்தான் சொல்வேன். முதல்முறை செய்பவருக்கு, அதுவும் சுவர் பரவாயில்லை ரகம் என்றால், ரோலரால் உருட்டித் தகட்டால் தடவும் இந்த வழி மன்னிக்கும் குணம் உள்ளது.

சுவரைத் தயார் செய்வது

வேலையின் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கனமான பூச்சு காயும்போது சுருங்கும். சுருங்கும்போது தனக்குக் கீழே இருக்கும் பழைய பெயிண்ட்டைப் பிடித்து இழுக்கும். கீழே இருப்பது சுவரோடு உறுதியாக ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது, பாதி விட்டுப்போயிருந்தால் பழையதும் புதியதும் சேர்ந்து அப்பளம் போல் தனியாக வந்துவிடும். மெல்லிய எமல்ஷன் இதே சுவரில் பல வருடம் தாக்குப்பிடித்திருக்கலாம், அதை வைத்து சுவர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

சோதிப்பது சுலபம். பழைய பெயிண்ட்டில் கத்தியால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கல் குறி கீறி, அதன் மேல் நன்றாக ஒட்டும் டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரியுங்கள். பெயிண்ட் துண்டாக டேப்போடு வந்தால் அந்த இடத்தைச் சுரண்டியே ஆக வேண்டும். பொருக்கு விட்ட இடங்களை பட்டித் தகட்டால் சுரண்டிக்கொண்டே போய், இதற்கு மேல் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் விளிம்பு வந்ததும் நிறுத்தி, அந்த விளிம்பை 120 எண் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்.

உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன் மேல் எதுவும் நிற்காது. ஈரத் துணியால் துடைத்து வந்தவரை எடுத்துவிட்டு, மீதியைக் கட்டிப்பிடிக்க ஊடுருவும் வகை பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுங்கள். பளபளப்பான எனாமல் என்றால் எதிர்ப் பிரச்சினை, பிடிப்பே இருக்காது. பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, மறுபடி வெறும் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பூஞ்சைக் கறுப்பு இருந்தால் நீர்த்த பிளீச் வேலை செய்யும், ஆனால் பிளீச்சோடு கழிவறை ஆசிட்டையோ அமோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். தண்ணீர்க் கறை, புகைக் கறை, எழுத்து மை போன்றவற்றின் மேல் கறை தடுக்கும் பிரைமர் தடவாமல் மேலே போனால் மஞ்சளாக மேலே வந்தே தீரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீடு பழையது, பல வருடத்துக்கு முந்தைய பெயிண்ட் அடுக்குகள் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்குவது, முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஆபத்தான வேலை. முதலில் சோதித்துப் பாருங்கள், ஈயம் இருந்தால் தெரிந்த ஆளிடம் விடுங்கள். பழைய வீடுகளின் பொரிப்பொரியான கூரைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸும் இருந்திருக்கிறது, அதையும் சோதிக்காமல் சுரண்டக்கூடாது.

அப்புறம் ஓதம். சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பிக்கொண்டு, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் எந்தப் பெயிண்ட்டும் உங்களைக் காப்பாற்றாது. சந்தேகமாக இருந்தால் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப்புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் உள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று மூலத்தைக் கண்டுபிடித்து அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பூச்சு பற்றிப் பேச்சு. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவருக்கும் பொறுமை வேண்டும், ஏறக்குறைய 4 வாரம். அதன் காரத்தன்மை ஆரம்பத்தில் மிக அதிகம், ஈரமும் வெளியே வந்துகொண்டிருக்கும்.

விரிசல்களில் மயிரிழை அளவு இருப்பவற்றை ஸ்மூத்திங் பெயிண்ட்டே மூடிவிடும். அதற்கு மேல் என்றால் பட்டித் தகட்டின் முனையால் விரிசலைச் சற்று அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, பட்டியை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். அகலப்படுத்தாமல் மேலே தடவினால் பட்டி உள்ளே போகாது. தூணும் சுவரும் சேரும் இடத்தில் வரும் நேர் விரிசல் மறுபடி மறுபடி வரும் ரகம். அங்கே வலை டேப் ஒட்டி அதன் மேல் நிரப்பினால் கொஞ்சம் தாங்கும். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் தேதி எழுதி சில வாரம் கவனியுங்கள், நீண்டுகொண்டே போனாலோ அகலமானாலோ அது பெயிண்ட் சமாச்சாரமே இல்லை, கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டியது. ஆழமான ஓட்டைகளை ஒரே மூச்சில் அடைக்காமல் இரண்டு, மூன்று தடவையாக, முந்தையது காய்ந்தபின் அடுத்தது என்று நிரப்புங்கள், இல்லையென்றால் நடுவில் குழி விழும்.

கடைசியாக, சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்துவிட்டால் அது தாகமுள்ள சுவர், பூச்சிலுள்ள தண்ணீரையும் அப்படியே இழுத்துக்கொள்ளும், நீங்கள் தகடு எடுப்பதற்குள் இறுகிவிடும். பிரைமர் ஒரு கோட் அடித்து அந்தத் தாகத்தை அடக்குங்கள். பட்டி போட்ட இடங்கள் எல்லாமே இந்த ரகம்தான்.

கையில் என்ன வேண்டும்

நீண்ட ரோமமுள்ள ரோலர், 12 முதல் 18 மி.மீ. வரை. குட்டை ரோமம் இந்தக் கனமான பொருளைத் தூக்காது. மூலைகளுக்குப் பழைய பிரஷ் ஒன்று, புதுசு வேண்டாம், நாசமாகும். 30 முதல் 60 செ.மீ. அகலத்தில் வளைந்துகொடுக்கும் தகடு. இதுதான் முக்கியமான கருவி, இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, விளிம்பில் ஒரு சிறு சொட்டை இருந்தாலும் சுவர் முழுக்க ஒரு கோடு இழுத்துக்கொண்டே வரும். முதல்முறை என்றால் 30, 40 செ.மீ. போதும், பெரிய தகடு கையை மீறி ஓடும். பக்கெட்டில் தண்ணீர், துடைக்கத் துணி, தெளிப்பான் பாட்டில், 120, 150, 220 எண் உப்புத்தாள், தேய்க்கும்போது என்95 போன்ற முகமூடி, கண்ணாடி. தரைக்கு விரிப்பு. ஸ்விட்ச் போர்டு மூடிகளைக் கழற்றுவதாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றி, உள்ளே டேப் ஒட்டிவிடுங்கள்.

பூசுவது

டப்பாவைத் திறந்ததும் "இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, கொஞ்சம் தண்ணீர் விடலாம்" என்று கை பரபரக்கும். விடாதீர்கள். அசையாமல் இருக்கும்போது கெட்டியாகவும், கலக்கும்போதும் உருட்டும்போதும் இளகியும் போகும்படி செய்த பொருள் இது. அந்தக் குணத்தால்தான் கனமாகப் பூசியும் சுவரில் வழியாமல் நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் வழியும், காயும்போது அதிகமாகச் சுருங்கும், விரிசலும் விடும். அகலமான குச்சியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டிக் கலக்கினால் போதும். மிஷினை வேகமாக ஓட்டி நுரை கிளப்பினால் அந்தக் காற்றெல்லாம் பிறகு ஊசி ஓட்டைகளாகச் சுவரில் திரும்பி வரும்.

அறையில் 10-லிருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. ஃபேனை நிறுத்துங்கள், சுவரில் நேர் வெயில் விழுந்தால் திரையை இழுத்துவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று காற்றை விரட்டினால் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், வறண்ட குளத்து மண் போல வெடிக்கும்.

சுவரை ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாக மனசில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பட்டையின் ஓரங்களைப் பிரஷ்ஷால் நிரப்பி, ரோலரை நன்றாக நனைத்து, மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே என்று உருட்டி, சுவர் முழுக்க மூடும்வரை தாராளமாக ஏற்றுங்கள். பெயிண்ட் அடிப்பது போல் இழுத்து இழுத்துத் தேய்க்கக் கூடாது, பொருளைச் சுவரில் கொண்டுபோய் வைப்பதுதான் இப்போது வேலை, அழகு பிறகு. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உருட்ட, இன்னொருவர் பின்னாலேயே தகடு பிடிப்பது பெரிய சௌகரியம். தனியாக என்றால் பட்டையைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

தகட்டை எப்போது எடுப்பது என்பதுதான் எல்லாரும் தடுமாறும் இடம். உருட்டி முடித்ததும் மேற்பரப்பு ஈரமாக மினுமினுக்கும். சற்று நேரத்தில், சுவரையும் வானிலையையும் பொறுத்து 5 நிமிடமோ 15 நிமிடமோ ஆகலாம், அந்த மினுக்கம் மங்க ஆரம்பிக்கும். அப்போதுதான். அதற்கு முன் இழுத்தால் தகடு பொருளை அப்படியே வழித்துக்கொண்டு வரும், ரொம்பத் தாமதித்தால் இழுபட்டுக் கிழியும். உங்கள் சுவருக்கு எவ்வளவு நேரம் என்று கதவுக்குப் பின்னால் ஓர் அரை மீட்டர் இடத்தில் முதலில் பார்த்துக்கொண்டால் சுவர் முழுக்க நிம்மதி.

தகட்டை ஈரத்துணியால் துடைத்து, சுவரோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வைத்து, மேலே கூரையை ஒட்டித் தொடங்கி ஒரே இழுப்பில், நடுவில் நிற்காமல், கீழே கொண்டுவாருங்கள். எட்டவில்லை என்றால் இடுப்பு உயரத்தில் தகட்டை மெல்லப் படுக்கவைத்து எடுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலே இழுத்து அதே இடத்தில் சேர்க்கலாம். தகடு செங்குத்தாகப் போகப்போகப் பொருளை வழிக்கும், படுக்கப்படுக்கத் தடவும். அழுத்தம் இரண்டு முனையிலும் சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் நீளக் கோடு நிற்கும். அடுத்த இழுப்பு முந்தையதில் மூன்றில் ஒரு பங்காவது மேலே படும்படி இருக்கட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு தகட்டைத் துடைப்பது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் விளிம்பில் காய்ந்த ஒரு துணுக்கு போதும், அடுத்த இழுப்பு பாழ். வழித்தெடுத்ததை டப்பாவுக்குள் திரும்பப் போடாதீர்கள், அதில் மணலும் காய்ந்த துணுக்கும் கலந்திருக்கும்.

இரண்டு, மூன்று இழுப்புக்கு மேல் அதே இடத்தைத் தொடாதீர்கள். சின்னக் கோடு தெரிகிறதே என்று திரும்பத் திரும்பப் போனால் கெட்டுத்தான் போகும், அந்தக் கோடு நாளைக்கு உப்புத்தாளில் சுலபமாகப் போய்விடும். ஓரிடம் இறுகத் தொடங்கிவிட்டால் தெளிப்பானால் மிக லேசாக ஈரம் காட்டி ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள், கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பட்டையின் பக்கவாட்டு விளிம்பைக் காயவிடாமல் அடுத்த பட்டையைத் தொடங்குங்கள், ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலை வரை போய்த்தான் மூச்சு வாங்க வேண்டும்.

முதல் கோட் பார்ப்பதற்கு ஏமாற்றமாகவே இருக்கும். பள்ளங்களில் உட்கார்ந்த இடம் சுருங்கியிருக்கும், ஊசி ஓட்டைகள் தெரியும், அங்கங்கே பழைய நிறம் எட்டிப்பார்க்கும். இரண்டாவது கோட் இவற்றுக்காகத்தான். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடிந்து, சுவர் முழுக்க ஒரே வெள்ளையாக வெளுத்தபின் (எங்காவது கறுத்துத் தெரிந்தால் அங்கே இன்னும் ஈரம் என்று அர்த்தம்), துருத்திக்கொண்டிருக்கும் கோடுகளைத் தகட்டாலேயே சீவித் தள்ளிவிட்டு, இந்த முறை மெல்லியதாக உருட்டி, தகட்டைச் சற்று அழுத்திப் பிடித்து இழுங்கள். முதல் கோட்டை மேலிருந்து கீழாக இழுத்திருந்தால் இதைப் படுக்கைவாட்டில் இழுங்கள், கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று சேராது.

தேய்ப்பது

ஒரு முழு நாள் காயவிடுங்கள். மழைக்காலம், காற்றோட்டமில்லாத அறை என்றால் இன்னும் கூடுதலாக. அரைகுறை ஈரத்தில் தேய்த்தால் உப்புத்தாள் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும், சுவர் உருண்டை உருண்டையாக உதிரும்.

அந்த டார்ச் வெளிச்சத்தை மறுபடி பக்கவாட்டில் வைத்துக்கொண்டு தேய்த்தால்தான் எதைத் தேய்க்கிறோம் என்று தெரியும். தட்டையான கட்டையில் சுற்றிய 150 எண் தாளால், அழுத்தாமல், வட்டமாகத் தேய்த்துக் கோடுகளை எடுத்துவிட்டு 220-ல் முடியுங்கள். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் அளவுக்குக் குழி விழும். இந்தத் தூசி மிக நுண்ணியது, கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, முகமூடியோடு செய்யுங்கள். அப்புறம் வேக்கூம் அல்லது மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். சொட்டச் சொட்டத் துடைத்தால் மேல்பூச்சு இல்லாத இந்தப் பரப்பு கரையத் தொடங்கும்.

மேல்பூச்சு

முதல் எமல்ஷன் கோட்டைச் சற்று நீர்த்து அடியுங்கள், எவ்வளவு என்று எமல்ஷன் டப்பாவிலேயே இருக்கும். அந்த உறிஞ்சும் பரப்புக்குள் அது இறங்கிப் பிடிக்கட்டும். அடித்து முடித்ததும் நிறம் ஒரே சீராக வந்தபின் இதுவரை ஒளிந்திருந்த சில குறைகள் திடீரென்று தெரியும், அதை வைத்துச் சோர்ந்துபோகாமல், அந்த இடங்களை மட்டும் பட்டியால் தொட்டு, தேய்த்து, அதன் மேல் அதே எமல்ஷனை ஒற்றிவிட்டு இரண்டாவது முழுக் கோட்டுக்குப் போங்கள்.

பளபளப்பு விஷயத்தில் நான் பிடிவாதமாக மேட் (பளபளப்பில்லாத பூச்சு) பக்கம்தான். பளபளப்பான பூச்சு வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால் அரை மி.மீ. மேடுகூடக் கோடாகத் தெரியும், மேட் பூச்சு ஒளியைச் சிதறடித்து அதை விழுங்கிவிடும். துடைக்க வேண்டிய சுவர் என்றால் கழுவத்தக்க மேட் வகைகள் கிடைக்கின்றன. அடர்த்தியான நிறங்களும் குறையைக் காட்டிக்கொடுக்கும், வெளிர் நிறங்கள் பொறுத்துப்போகும்.

கருவிகளைக் கழுவும்போது அந்தக் கனத்த கூழைச் சிங்க்கில் விட்டால் குழாயின் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும். ரோலரைத் தகட்டால் முதலில் வழித்து, பக்கெட் தண்ணீரில் அலசி, ஒரு நாள் விட்டால் தூள் அடியில் தங்கிவிடும், மேலே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு அடிமண்டியைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மிஞ்சிய பெயிண்ட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் படியவைத்து மூடியை இறுக்கி, உறையாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிறகு திறக்கும்போது அழுகல் வாடை அடித்தால் கெட்டுவிட்டது, பூசாதீர்கள். சுவர் தொட்டுப்பார்க்க ஒரே நாளில் காய்ந்துவிட்டாலும் முழுதாக இறுக 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் துடைப்பதும், டேப் ஒட்டுவதும், அலமாரியைச் சுவரோடு இடித்து நிறுத்துவதும் வேண்டாம்.